இரண்டு பிள்ளைகளோடு வெயில் காலத்தில் வெளியே போய்த் திரும்புவது எப்படி

போன கோடையில் நாங்கள் போன முதல் பூங்காப் பயணம் பகல் பன்னிரண்டே காலுக்கு, பூங்கா வாசல்படியில் முடிந்தது. இடது தோளில் ஒன்றே கால் வயதுச் சின்னவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். காலடியில் மூன்றரை வயதுப் பெரியவள் "என்னையும் தூக்கு" என்று தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டாள். முதுகில் பை. அதற்குள் நான்கு கதைப் புத்தகம், மூன்று பந்து, காற்றடைக்காத ரப்பர் ஆமை ஒன்று, அந்த ஆமைக்குக் காற்றடிக்க ஒரு பம்பு. தண்ணீர் மட்டும் பதினொரு மணிக்கே தீர்ந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடத்தியதும் சின்னவன் முழித்துக்கொண்டான். வழியில் தூங்கிய இருபது நிமிடமே அவனுக்குப் போதுமாக இருந்தது. மாலை ஆறு மணி வரை கண்ணை மூடவில்லை. தூங்காததால் அவன் அழுதான், அவன் அழுததால் அவள் அழுதாள். மனைவி ஷிப்ட் முடிந்து வந்தபோது நான் இருட்டில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். "என்ன, ஜாலியா இருந்துதா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

எனக்கு வேலை இரவில், வீட்டிலிருந்தே. அதனால் வார நாட்களில் காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பு. இது இரண்டாவது கோடை. அன்று செய்ததில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அந்த மாற்றங்களைத்தான் எழுதுகிறேன். ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயம் மிகையாகத் தெரியலாம். இரண்டாவது பிறக்கும்வரை எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

கடிகாரத்தைப் பின்னாலிருந்து ஓட்டுங்கள்

எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யோசிப்பதுதான் வழக்கம். நான் முதலில் குறித்துக்கொள்வது சின்னவனின் பகல் தூக்கம் எத்தனை மணிக்கு என்பதை. அது பன்னிரண்டு. தூங்குவதற்கு முன் சாப்பிட வேண்டும், கால் கை கழுவ வேண்டும். ஆக பதினொன்றே காலுக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். வழி இருபது நிமிடம் என்றால் பத்து ஐம்பத்தைந்துக்கு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். "கிளம்பலாம்" என்று நான் சொல்வதற்கும் உண்மையில் கால் நகர்வதற்கும் நடுவில் ஒரு செருப்பு காணாமல் போகும், ஒரு கடைசிச் சறுக்கல் நடக்கும், யாருக்காவது ஒன்றுக்கு வரும். அதற்கு இருபது நிமிடம். ஆகவே பத்து முப்பத்தைந்துக்கே மூட்டை கட்டத் தொடங்குகிறேன். எட்டு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டால் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

பகல் தூக்கத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒன்று, இரண்டு வயதில் ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் சேர்த்து. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. என் மகன் இரவில் பத்து மணி நேரம்தான் தூங்குவான். மிச்சத்தைப் பகலில் கொடுக்காவிட்டால் மாலையில் வட்டியோடு வசூலிப்பான்.

அதனால் திரும்பும் வழியில் அவனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வேலை. அதைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டேன். கண் சொக்குகிற அறிகுறி தெரிந்ததும் அவன் மூக்கைத் தொட்டு "டிங் டாங், வீட்ல யாரு?" என்பாள். அவன் சிரிப்பான். பத்தாவது தடவை அவனுக்குக் கோபம் வரும். கோபத்தில் இருக்கிறவன் தூங்குவதில்லை, அதுவும் நல்லதே.

இன்னொன்று. இருவரும் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதுதான் கிளம்ப வேண்டும். "இப்பதானே ரெண்டு பேரும் ஒத்துமையா விளையாடுறாங்க, இன்னும் பத்து நிமிஷம்" என்ற ஆசை எனக்கு வந்த ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் ஒருவர் தலையில் மண் இருந்திருக்கிறது. பாதித் தெம்பு அவர்கள் உடம்பில் மிச்சமிருக்கும்போது திரும்பினால்தான் அந்தத் தெம்பில் நடந்து வருவார்கள். இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு வருவது நாம்.

நிழல் சொல்லும் நேரம்

தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் உச்சத்துக்கு வருவது சூரியன் உச்சிக்கு வரும்போது. காற்று மிகச் சூடாவது அதற்கும் பின்னால், பெரும்பாலும் பிற்பகல் இரண்டிலிருந்து நாலுக்குள். இரண்டும் ஒரே நேரம் என்று நினைத்துக்கொண்டு, "காத்து ஜில்லுனுதானே இருக்கு" என்று பதினொரு மணிக்கு மைதானத்தில் நின்றிருக்கிறேன். பிள்ளைகளின் கழுத்துப் பின்பக்கம் சிவந்துபோயிற்று. வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 3 வந்தாலே தொப்பி, நிழல், சன்ஸ்கிரீன் வேண்டும். 8-க்கு மேல் என்றால் நடுப்பகலில் வெளியே நிற்காமல் இருப்பது நல்லது.

போனைப் பார்க்க முடியாதபோது நிழலைப் பாருங்கள். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். இதைப் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த இரண்டு வருடத்தில் நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம். முன்பெல்லாம் கிளம்ப வேண்டும் என்று சொல்வது நான், எதிர்ப்பது அவள். இப்போது அவளே நிழல் பக்கத்தில் நேராக நின்று பார்த்துவிட்டு ஓடி வருகிறாள்: "அப்பா, நான் குள்ளமாயிட்டேன். போலாம்." சூரியனோடு யாரும் அடம்பிடிக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. அப்பாவோடு பிடிக்கலாம் என்பதும் நன்றாகவே தெரியும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். வெளியே போக 15 முதல் 30 நிமிடத்துக்கு முன்பே தடவ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி. காது மடலும் பாதத்தின் மேல்பக்கமும் எல்லோரும் மறக்கிற இடங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் மெல்லிய முழுக்கைச் சட்டையையும் நம்புங்கள். தள்ளுவண்டியில் வெயில் படக் கூடாது என்று மேலே துணியைப் போட்டு மூடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். காற்று உள்ளே போகாமல் வண்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். குழந்தை முகமும் நம் கண்ணுக்குத் தெரியாது.

சூடு பிள்ளைகளை எப்படிப் பிடிக்கிறது

சிறு பிள்ளைகளின் எடைக்கு அவர்கள் தோலின் பரப்பு அதிகம். அதனால் வெளிச்சூடு உடம்புக்குள் சீக்கிரம் ஏறும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று சொல்லவும் மாட்டார்கள். தாகம் எடுக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்பதுதான் பதில். அதனால் நான் கேட்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போன் அதிரும். "பெட்ரோல்!" என்று கத்துவேன், இருவரும் வண்டிபோல உறுமிக்கொண்டு வந்து நாலு வாய் குடித்துவிட்டுப் போவார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தாலோ, டயப்பர் ஆறு மணி நேரமாகக் காய்ந்தே இருந்தாலோ தண்ணீர் போதவில்லை. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும்.

விளையாடி வியர்த்ததற்குத் தண்ணீரே போதும். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைத் தூள் வாந்தி, பேதி ஆகும்போதுதான். அதிலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பிள்ளை கொஞ்சமாகத்தானே குடிக்கும் என்று முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிப்போய் அதுவே கெடுதல்.

பிள்ளை சோர்ந்து, வெளிறி, தலை வலிக்கிறது என்றாலோ வாந்தி எடுத்தாலோ உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, ஈரத் துண்டால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் சரியாகத் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சறுக்கு மரம், ஊஞ்சல் பலகை, ரப்பர் தரை எல்லாவற்றையும் முதலில் புறங்கையால் ஐந்து விநாடி தொட்டுப் பார்க்கிறேன். என் கை தாங்காவிட்டால் அவர்கள் தொடை தாங்காது. உலோகம் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கும் கருப்பு ரப்பரும் சுடும் என்பதை ஒரு கொப்புளம் பார்த்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். கார் சீட் பெல்ட்டின் கொக்கியும் இந்தப் பட்டியலில் உண்டு.

கார் வைத்திருப்பவர்களுக்கு: பிள்ளையை ஒரு நிமிடம்கூட உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் அடைத்த காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிதாக ஒன்றும் குறையாது. பிள்ளையின் உடம்புச் சூடு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறும். இப்படி நடப்பது அக்கறை இல்லாதவர்களுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இது பெரும்பாலும் நடப்பது மறதியால்: தூக்கமில்லாத அப்பா, சத்தமில்லாமல் தூங்கிப்போன பிள்ளை, வழக்கத்திலிருந்து மாறிய ஒரு நாள். எனக்குத் தூக்கம் எப்போதுமே பாக்கி. அதனால் என் போனைப் பின் சீட்டில் பிள்ளை காலடியில் வைத்துவிடுகிறேன். பிள்ளையை மறந்தாலும் போனை மறக்க மாட்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வைக்கிறேன். வீட்டில் நிற்கும்போதும் கார் பூட்டியே இருக்க வேண்டும். ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பை

ஆமையும் பம்பும் இப்போது பரணில். விளையாட்டுச் சாமான் எதுவும் எடுத்துப் போவதில்லை, ஒரே மாதிரி இரண்டு சின்ன வாளி மட்டும். ஒரே மாதிரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று வாங்கிப் பார்த்தேன். அன்று காலை முழுவதும் சிவப்பு வாளி யாருக்கு என்ற பஞ்சாயத்திலேயே போயிற்று. நீல வாளி மணலில் தனியாகக் கிடந்தது. மறுநாள் இன்னொரு சிவப்பு வாங்கினேன். அதற்குப் பிறகு வாளியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குச்சிக்குத்தான் சண்டை. குச்சி ஊரெல்லாம் கிடைக்கிறது, பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலும் ஒரே நிறம்தான். எச்சில் மாறாமல் இருக்க ஒன்றின் கழுத்தில் நூல் கட்டியிருக்கிறேன்.

மற்றபடி என் பையில் இருப்பது: தேவைக்கு ஒன்றரை மடங்கு தண்ணீர், தெளிப்பான் பாட்டில் ஒன்று, ஒரு பழைய மெல்லிய படுக்கை விரிப்பு. விரிப்பு பாய் ஆகும், மறைப்பு ஆகும், துண்டு ஆகும், தூளியும் ஆகும். ஆளுக்கொரு செட் மாற்றுத் துணி, தனித்தனிக் கவரில், கவர் மேல் பெயரோடு. எனக்கும் ஒரு பனியன். இந்தக் கடைசிச் சாமானைச் சேர்த்தது என் சட்டை முழுக்க சின்னவன் வாந்தி எடுத்து, அதே சட்டையோடு நாற்பது நிமிடம் பஸ்ஸில் வந்த பிறகு. அன்று பஸ்ஸில் கூட்டம் இருந்தும் எங்களைச் சுற்றி நல்ல காற்றோட்டமான இடம் கிடைத்தது. டயப்பர், ஈரத்துணி, நாலு காலிக் கவர், பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

தீனியை நிறையக் கட்டாதீர்கள். சமைத்ததும் பாலில் செய்ததும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் முழுப் பழம், உலர்ந்த பண்டம் என்று போகிறேன். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் அந்த வட்டம் தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். முழுக் கடலை, பருப்பு வகையெல்லாம் நான்கு வயது தாண்டும்வரை வேண்டாம். எது தின்றாலும் உட்கார்ந்துதான். ஓடிக்கொண்டே தின்கிற சின்னவனைத் துரத்துகிற அளவுக்கு எனக்கும் தெம்பில்லை.

பையை வீடு திரும்பிய உடனே மறுபடி நிரப்பி வாசல் பக்கம் வைத்துவிடுகிறேன். காலையில் நிரப்பலாம் என்று விட்டால் வெயில் ஏறிய பிறகுதான் வாசலைத் தாண்டுவோம்.

இரண்டு கை, நான்கு கால்

இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடினால் யாரைப் பிடிப்பது? நான் சின்னவனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், சின்னவன் என்பதால். ஒருநாள் அவன் ஓடியது புல்வெளியை நோக்கி, அவள் ஓடியது சாலையை நோக்கி. பின்னால் வந்த யாரோ ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றிலிருந்து வயதைப் பார்ப்பதில்லை, ஆபத்து எந்தப் பக்கம் என்று பார்த்து ஓடுகிறேன். தண்ணீர், சாலை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த வாரமே "மரம்" விளையாட்டைத் தொடங்கினோம். நான் "மரம்!" என்றால் எங்கே இருந்தாலும் இருவரும் கையை மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் தொடங்கி, மாடிப்படியில், குளியலறையில், சாப்பாட்டுக்கு நடுவில் என்று நூறு தடவையாவது பழகியிருப்போம். அவர்களும் என்னைப் பார்த்து "மரம்!" என்பார்கள், நானும் கரண்டியோடு நிற்பேன். "நில்லு, ஓடாதே" என்று கத்தினால் அது திட்டாகக் கேட்கிறது, இன்னும் வேகமாக ஓடுவார்கள். மரம் என்றால் நின்றுவிடுகிறார்கள். வெளியே இதுவரை நான்கு முறை நிஜமாகத் தேவைப்பட்டது. மூன்று முறை நின்றாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிள்ளையை இறக்கும்போது மற்றது சக்கரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். "சக்கரத்தைப் பிடி" என்றால் போதும்.

தொலைந்துபோவதற்கும் தயாராக இருங்கள். கிளம்பும்போது இருவரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. அன்று போட்டிருக்கும் சட்டை எது என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது. முன்கையில் பேனாவால் என் போன் எண். "காணாமப் போயிட்டா தேடாத, நின்ன இடத்துலயே நில்லு. அப்பாதான் தேடி வருவேன். பயமா இருந்தா, குழந்தை வச்சிருக்கிற ஒரு அம்மாகிட்ட சொல்லு" என்று பெரியவளுக்குச் சொல்லியிருக்கிறேன். தேடும்போது பெயரை மட்டும் கூப்பிடாமல் "மஞ்சச் சட்டை, நாலு வயசுப் பொண்ணு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனால் சுற்றியுள்ளவர்களும் தேடுவார்கள். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை நடந்தது, மூன்று நிமிடம். புதருக்குப் பின்னால் நத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். "நின்ன இடத்துலயே நில்லுன்னியே, நின்னேன்" என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நீ பெரியவ, விட்டுக்கொடு" என்று சொல்வதை இந்த வருடம் குறைக்கப் பார்க்கிறேன். நாலரை வயது ஒரு பெரிய வயதே இல்லை. கையில் வைத்திருப்பவர் முடித்த பிறகு மற்றவர், அவ்வளவுதான் விதி. பிடுங்கினால் பொருள் என் பைக்குப் போகும். சின்னவன் தூங்கிய பிறகு பத்து நிமிடம் அவளுக்கு மட்டும். என்ன செய்ய வேண்டும் என்று அவள்தான் சொல்வாள். பெரும்பாலும் நான் நோயாளி, அவள் டாக்டர். படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்பதால் நானும் மறுப்பதில்லை.

தண்ணீர்

கோடை என்றாலே பிள்ளைகளுக்குத் தண்ணீர். இதில் மட்டும் நான் இளக்கம் காட்டுவதில்லை. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. மூச்சுக்கே காற்று போதாதபோது கத்துவதற்குக் காற்று ஏது? சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள், சில சென்டிமீட்டர் ஆழத்தில்கூட நடந்துவிடும். அதனால் சின்ன வயதில் கண் பார்வையில் இருப்பது போதாது, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம், மிதக்கும் வாத்து எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். உயிரை நம்பி ஒப்படைக்கிற கருவிகள் இல்லை.

நான் தனியாக இருக்கும்போது இருவரையும் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவதில்லை. இரண்டு திசையில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கை எட்டும் தூரம் என்பது கணக்கிலேயே வராது. மனைவியும் இருந்தால் ஆளுக்கு ஒரு பிள்ளை, "நீ பாத்துக்கோ" என்று வாயால் சொல்லி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகுதான் திரும்புவோம். சொந்தக்காரர்கள் பத்துப் பேரோடு போனால் ஆபத்து இன்னும் அதிகம். எல்லோரும் இருக்கிறார்கள் என்பதால் யாருமே பார்ப்பதில்லை. அதற்கு ஒரு தொப்பி வைத்திருக்கிறோம். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர் போனைத் தொடக் கூடாது, அரட்டை அடிக்கக் கூடாது, தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை தொப்பி கை மாறும். முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். இப்போது அவர்களே "தொப்பி எங்க?" என்று கேட்கிறார்கள்.

நீச்சல் உடை வாங்கும்போது பளீரென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு வாங்குங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. வீட்டில் தொட்டியோ வாளியோ, விளையாடி முடித்த அடுத்த நிமிடம் கவிழ்த்துவிட வேண்டும்.

வெளியே போகாத நாள்

உண்மையில் வாரத்தில் மூன்று நாள்தான் வெளியே போகிறோம். மற்ற நாள் வீடும் மொட்டை மாடியும்தான். பிள்ளைகளுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதுவரை செலவே இல்லாமல் நடந்த ஒன்றைச் சொல்வார்கள்: சுவருக்குத் தண்ணீரால் பெயின்ட் அடிப்பது. பழைய பெயின்ட் பிரஷ் இரண்டு, கால் வாளித் தண்ணீர், வெயில் படும் சுவர். அடித்த இடம் கருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறையும். பெரியவள் வீடு வரைவாள், கூரை போட்டு முடிப்பதற்குள் வாசல் காணாமல் போயிருக்கும். "எங்கப்பா போச்சு?" என்றாள் முதல் நாள். காற்றோடு கலந்துவிட்டது என்றேன். சின்னவன் காற்றில் பிரஷை வைத்துத் தேடினான். நாற்பது நிமிடம் போயிற்று. இன்னொரு நாள் சின்னப் பொம்மைகளைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ராத்திரியே உறைய வைத்து, காலையில் அந்தக் கட்டியைக் கொடுத்து "காப்பாத்துங்க" என்றேன். அதுவும் நன்றாக ஓடியது. இரண்டுமே காலையில் அல்லது சாய்ந்த வெயிலில்தான்.

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே தவணையில் இல்லை, நாள் முழுக்கப் பிரித்து. மூன்று, நான்கு வயதுக்கு அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும். திரை விஷயத்தில் ஒரு வயதுக்கு வேண்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மணி நேரத்துக்குள். இந்த விதியைக் கடுமையான வெயில் நாளில் நானும் மீறியிருக்கிறேன். மறுநாள் பெரியவள் எழுந்ததுமே ரிமோட்டைத் தேடியதுதான் பலன்.

பெரியவள் பகலில் தூங்குவதை நிறுத்திவிட்டாள். அதனால் "சத்தமில்லாப் பெட்டி" ஒன்று. ஒட்டுப் படம், பெரிய மணி, கிரேயான், பழைய அட்டை. சின்னவன் தூங்கும்போது மட்டும்தான் அது திறக்கும். பெரிய மணிகூட இரண்டு வயது வாய்க்குச் சின்னதுதான். அவன் எழுந்ததும் பெட்டி பீரோ மேலே போய்விடும்.

வேர்க்குருவுக்கு ஒரு வார்த்தை. வியர்வைக் குழாய் அடைத்துக்கொள்வதால்தான் அது வருகிறது. அதன் மேல் கெட்டியான கிரீமைப் பூசினால் இன்னும் அடைக்கும். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தித் துணி போட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கொசு விரட்டி பூசுவதானால் சன்ஸ்கிரீனுக்கு மேலே, அதற்குப் பிறகு. பிள்ளைகளின் உள்ளங்கையில் மட்டும் பூசாதீர்கள், அது நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த விரட்டி இரண்டு மாதக் குழந்தைவரை கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தது மூன்று வயதுவரை கூடாது.

நேற்று பதினொன்று பத்துக்கு வீட்டுக்குள் இருந்தோம். சின்னவன் சாப்பிட்டுவிட்டு பன்னிரண்டு அடிக்கும்போது தூங்கிவிட்டான். பையை நிரப்பி வைத்துவிட்டுச் செருப்புகளை மாடியில் தட்டினேன், ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. பெரியவள் அதைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். போன வாரத்து மணலும் அதில் இருக்கிறதாம். எதற்கு என்று கேட்டேன். "நீ படு, டாக்டர் வராங்க" என்றாள்.